இங்கேயே சாப்பிட்டுட்டுப் போங்க

இன்று காலை என் மகள் தைப்பிங்குக்குப் புறப்பட்டாள். பதினான்கு வயது. அங்கே விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ரயிலில் சாப்பிட அவள் அம்மா புளிச்சோறு கட்டிக் கொடுத்திருந்தாள். வாசலில் மாட்டுவண்டி வந்து நின்ற பிறகு நான் அந்தப் பொட்டலத்தை வாங்கிப் பிரித்து மேசைமேல் வைத்தேன்.

"இங்கேயே சாப்பிட்டுட்டுப் போ."

"அப்பா, புளிச்சோறு நாளைக்குக்கூடக் கெடாது."

"தெரியும். சாப்பிடு."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டாள். மகள் உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் கையைக் கட்டிக்கொண்டு எதிரில் நின்று, ஒவ்வொரு வாயும் உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வருஷமாக எங்கள் வீட்டில் இப்படித்தான் நடக்கிறது.

இந்தப் பழக்கம் ஒருவரிடமிருந்து எனக்கு வந்தது. ஈப்போ ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ரொட்டிக்கடை வைத்திருந்தவர். நாங்கள் எல்லாரும் அவரை அண்ணன் என்ற பொருளில் நானா என்று கூப்பிட்டோம். அவருடைய கடை போனதற்குக் காரணம் நான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஜெர்மனியோடு நடந்த பெரிய சண்டை முடிந்து, மலாயாவில் ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம் அது. சுங்கை சிப்புட் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் நான் கணக்கும் கடிதமும் எழுதும் கிராணி. ஆட்களைக் குறைத்துவிட்டதால் இரண்டு கிராணிகள் பார்த்த வேலையை ஒருவனாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாதம் ஒரு முறை ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேண்டிய சாமான்களை வாங்க ஈப்போவுக்குப் போவேன். திரும்பும் ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் நானா கடையில் சாடின் ரொட்டி, டின் மீன் வைத்த ரொட்டி.

கடை என்றால் கடைவீதிச் சுவரில் சாய்த்துப் போட்ட ஓர் ஒட்டுக்கடை. ஒரு பலகை, ஒரு பெஞ்சு, ஒரு கரியடுப்பு. கண்ணாடிப் பெட்டிக்குள் ஹைனானியச் சீனரின் ரொட்டி அடுப்பிலிருந்து காலையில் வந்த ரொட்டி. பின்னால் வரிசையாகச் சாடின் டின்கள். அவர் ஒல்லியாக, உயரமாக இருப்பார். கட்டம் போட்ட கைலி, வெள்ளைத் தொப்பி. விரல் நுனிகள் எப்போதும் வெளுத்துச் சுருங்கியிருக்கும். ஒவ்வொரு டின்னைத் திறக்கும் முன்னும் பின்னும் எலுமிச்சம்பழத் தோலும் உப்பும் போட்டுக் கை கழுவுவார்.

டின்னைத் திறப்பது அவ்வளவு சுலபத்தில் நடக்காது. முதலில் அதைத் திருப்பி அடிப்பக்கத்தைத் தடவிப் பார்ப்பார். பிறகு விரல் முட்டியால் தட்டிக் காதருகில் வைத்துக் கேட்பார். திறந்ததும் முகர்வார். வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசைந்து, முதல் துளியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். பசியோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த நேரம் மிக நீளமாக இருக்கும்.

"என்னா நானா, உள்ள போய்ச் சேர்ந்துச்சா இல்லியா?" என்று ஒரு வண்டிக்காரர் கேட்பார்.

"இன்னும் தொண்டையிலதான் இருக்கு. பொறு லா."

"எனக்கு மாடு காத்துக்கிட்டு இருக்கு நானா."

"மாடு பொறுமையாத்தானே நிக்குது. நீதான் குதிக்கிற."

கண் திறந்த பிறகுதான் ரொட்டியைக் கரியில் வாட்டிப் பிளந்து மீனை வைப்பார். தட்டைக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு எதிரில் நிற்பார். கடைசி வாய்வரை பார்ப்பார். நான் முதல் முறை போனபோது, எதையோ திருடிவிட்டு அகப்பட்டவன் மாதிரி இருந்தது.

"ஏன் நானா பாக்குறீங்க?"

"நீங்க தின்னுங்க. நான் பாக்குறேன்."

அதற்குமேல் விளக்கம் கிடையாது. பாதியில் வைத்துவிட்டு எழுந்தால் தட்டைப் பிடுங்கி, மிச்சத்தின்மேல் அடுப்புச் சாம்பலைக் கொட்டிவிடுவார். நாய்கூட அதை எடுத்துத் தின்னக் கூடாது. ஸ்டேஷன் பக்கத்துச் சீக்கியக் காவல்காரர் ஒருவர் நானாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சாப்பிடுவார். நானா பலகையைச் சுற்றி வந்து அவர் முன்னால் நிற்பார். அவர் மறுபடி திரும்புவார். பெஞ்சில் இருக்கிறவர்கள் சிரித்துக்கொண்டே தங்கள் ரொட்டியை முடிப்பார்கள். ஒரு முறை ஒரு பெண் புருஷனோடு வந்து, தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். நானா மரியாதையாகச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். ஆனால் புருஷனிடம், "முடிஞ்சிச்சா? இன்னும் எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பொட்டலம் கட்டிக் கொடுக்கவே மாட்டார். கேட்டால், "சீனி தடவித் தாரேன், எங்க வேணும்னாலும் கொண்டு போங்க. மீனு இங்கேயே" என்பார்.

இதற்காக அவர் வாங்கிய வசவுகளை நான் கேட்டிருக்கிறேன். லம்பம் என்கிற ஈயச் சுரங்கத்துக் கண்ட்ராக்டர் ஒருவர், ஊரில் எல்லாரும் பயப்படுகிற ஆள், தன் ஆட்களுக்கு முப்பது ரொட்டி வேண்டும் என்று வந்து நின்றார்.

"ஆளுகள வரச் சொல்லுங்க. உக்கார வச்சுத் தாரேன்" என்றார் நானா.

"வேலைய விட்டுட்டு ஒன் கடைக்கு வரணுமா? கட்டுடா."

"சீனி ரொட்டின்னா இப்பவே கட்டுறேன்."

"எனக்கே மாட்டேன்னு சொல்றியா?"

"யாருக்கும் மாட்டேன்."

கண்ட்ராக்டர் கையை வீசினார். டின்கள் எல்லாம் தரையில் உருண்டன. பெஞ்சில் இருந்த நாங்கள் தட்டைப் பிடித்தபடி அசையாமல் இருந்தோம். நானா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தடவி, தட்டிக் கேட்டு, நசுங்கியவற்றைத் தனியாக வைத்தார். கண்ட்ராக்டர் போன பிறகு நசுங்கியவற்றையெல்லாம் ஆணியால் குத்திக் குப்பையில் கொட்டிச் சாம்பல் போட்டார். சாம்பல் போதாது என்று இன்னும் இரண்டு முறை அள்ளிக் கொட்டினார். கண்ட்ராக்டர் மேலிருந்த கோபம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

"நல்ல டின்னுதானே நானா, லேசா நசுங்கினதுக்குப் போய்க் கொட்டுறீங்களே?" என்று கேட்டேன்.

"டின்னுக்குள்ள இருக்கிறவரைக்கும் அது கம்பெனி மீனு, கிராணியாரே. நான் திறந்துட்டா என் மீனு. அப்புறம் அதுக்கு நான்தான் பதில் சொல்லணும்."

அவர் ஏன் இப்படி இருந்தார் என்பதற்கு வாடிக்கைக்காரர்கள் ஆளுக்கு ஒரு கதை வைத்திருந்தார்கள். கப்பலில் வரும்போது கூட வந்த தம்பிக்கு ஏதோ ஆனது என்றார் ஒருவர். இல்லை, லூமுட்டில் முன்பு கடை வைத்திருந்தபோது ஒரு மீன்பிடிக்காரர் பொட்டலம் வாங்கிக்கொண்டு படகில் போனார், திரும்பவில்லை என்றார் இன்னொருவர். நான் ஒரு நாள் நேராகவே கேட்டேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, பின்னால் நின்றவரிடம், "அடுத்தது யாருக்கு?" என்றார்.

வீட்டில் இந்தக் கதைகளை எல்லாம் மகளிடம் சொல்வேன். அப்போது அவளுக்கு எட்டு வயது. நானாவாக நடிப்பதுதான் அவளுக்குப் பிடித்த விளையாட்டு. அம்மா சாப்பிட உட்கார்ந்தால் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்று, "நீங்க தின்னுங்க, நான் பாக்குறேன்" என்பாள். பிறகு ஒரு நாள், "எனக்கும் அந்த ரொட்டி வேணும்பா" என்றாள்.

நானாவிடம் கேட்டேன்.

"பிள்ளையக் கூட்டிட்டு வாங்க. இந்தா, இந்த முனையில உக்கார வச்சுத் தாரேன்."

"ரயிலும் மாட்டுவண்டியுமா அவ்வளவு தூரம். எனக்கு லீவும் இல்ல நானா."

"லீவு கிடைக்கிறப்ப வாங்க. அதுவரைக்கும் சீனி ரொட்டி."

நாலைந்து மாதம் சீனி ரொட்டி போயிற்று. ஒவ்வொரு முறையும் அவள் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, நான் வருத்தப்படக் கூடாதென்று, "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்பாள். அந்தச் சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த மாதம் நான் இரண்டு சாடின் ரொட்டி கேட்டேன்.

"பசி சாஸ்தியோ?"

"காலையில சாப்பிடல நானா."

ஒன்றை அவர் பார்வைக்கு முன்னால் சாப்பிட்டேன். இரண்டாவதைக் கையில் எடுத்தபோது தெருவில் ஒரு ரிக்ஷா கவிழ்ந்தது. உள்ளே இருந்த கிழவி அலறினாள். நானா ஓடிப்போய் அவளைத் தூக்கினார். எல்லாரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள். நான் ரொட்டியைப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி வெள்ளைக் கோட்டின் வலது பைக்குள் வைத்தேன். படித்தவன், எஸ்டேட்டில் நூறு பேர் எழுந்து நின்று வணங்குகிற கிராணி, மீன் ரொட்டியை ஒளித்துவைத்தேன்.

நானா திரும்பி வந்து காலித் தட்டைப் பார்த்தார். பிறகு என் முகத்தை.

"முடிச்சாச்சா?"

"முடிச்சிட்டேன்."

"கிழவியத் தூக்கப் போனதுல கவனிக்காம விட்டுட்டேன்" என்றார். தண்ணீர்க் குவளையை என் பக்கம் நகர்த்தினார்.

அன்று மழை. தண்டவாளத்தில் மண் சரிந்து ரயில் பல மணி நேரம் நின்றது. நான் வீடு வந்தபோது மகள் தூங்கியிருந்தாள். "எழுந்ததும் குடு. ரொம்ப ஆசைப்பட்டா" என்று பொட்டலத்தை மனைவியிடம் கொடுத்தேன். எறும்பு ஏறாமல் கால்களைத் தண்ணீரில் வைத்த அலமாரி எங்களிடம் இருந்தது. அதற்குள் வைத்தாள். எறும்பைப் பற்றி யோசித்தோம். வேறு எதையும் யோசிக்கவில்லை.

காலையில் அவள் அதைத் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். போகும்போது கையை முகர்ந்துகொண்டே போனாள். பகல் பொழுதுக்குள் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அந்த இரண்டு நாளைப் பற்றி என்னால் அதிகம் எழுத முடியாது. வாந்தியும் பேதியும் நிற்கவில்லை. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நாடி கைக்கு அகப்படல" என்றார். கால் விரல்களைத் தொட்டேன். சில்லென்று இருந்தன. காலராவாக இருந்தால் தொழிலாளர் குடியிருக்கும் லயன் முழுக்கப் பரவும் என்று அவருக்குப் பயம்.

"என்ன சாப்பிட்டா?"

"ஈப்போவுல வாங்கின சாடின் ரொட்டி."

"எப்போ சாப்பிட்டா?"

"நான் வந்ததும்."

என் மனைவி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். டிரெசர் எழுதிக்கொண்டார். அவர் அந்தப் பக்கம் போனதும் அவள், "ஏங்க அப்படிச் சொன்னீங்க?" என்றாள்.

"வாயில அப்படி வந்திருச்சு."

உண்மையிலேயே அப்படித்தான் வந்தது. ராத்திரி முழுக்க வைத்திருந்து கொடுத்தோம் என்றால், விஷம் கொடுத்தது நாங்கள் என்று ஆகிவிடும். மூன்றாம் நாள் அவள் கண் திறந்து கஞ்சித் தண்ணீர் கேட்டபோது அந்தப் பொய் எனக்கு மறந்தேபோய்விட்டது.

எஸ்டேட் மேனேஜர் துரைக்கு மறக்கவில்லை. டிரெசரின் அறிக்கையைப் பார்த்துவிட்டு, நகரத்துச் சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். ஸ்டேஷன் அருகில் உள்ள ரொட்டிக்கடையில் கெட்டுப்போன மீன் விற்கிறார்கள், உடனே கவனிக்க வேண்டும் என்று. எஸ்டேட் கடிதங்களை எழுதுகிறவன் நான். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று துரையே சொல்வார். அதையும் அழகாகவே எழுதினேன்.

பத்து நாள் கழித்து, கடையை அடையாளம் காட்ட வரும்படி என்னை அனுப்பினார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளைக்காரர். கூட ஒரு மலாய்க்காரச் சேவகர். மற்றக் கோட்டு மழையில் நனைந்திருந்ததால் அதே வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். மனைவி எலுமிச்சையும் சோடாவும் போட்டுத் துவைத்தும் வலது பையில் மஞ்சளாக ஒரு எண்ணெய் வட்டம் போகாமல் நின்றிருந்தது.

"வாங்க கிராணியாரே. ரயிலுக்கு நேரம் இருக்கா?" என்று நானா டின்னைக் கையில் எடுத்தார். பிறகுதான் எனக்குப் பின்னால் வந்தவர்களைப் பார்த்தார். சேவகர் பெஞ்சில் இருந்தவர்களை எழுப்பித் தெருவின் அந்தப் பக்கம் அனுப்பினார்.

இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாது. நானாவுக்கு ஆங்கிலம் தெரியாது. இடையில் நான். அச்சடித்த ஒரு பாரத்தைக் கொடுத்து, நீயே எழுது என்றார் இன்ஸ்பெக்டர். நானாவின் பெயரைக் கேட்டு எழுதினேன். அத்தனை வருஷத்தில் அன்றுதான் அந்தப் பெயரைக் கேட்டேன்.

ஒரு குழந்தை இந்தக் கடை ரொட்டியைத் தின்று சாகக் கிடந்தது, அந்த ரொட்டி இவனுடையதுதானா என்று கேள், என்றார் இன்ஸ்பெக்டர்.

நான் தமிழில் கேட்டேன். நானா என் முகத்தைப் பார்த்தார். பிறகு கோட்டுப் பையைப் பார்த்தார். அந்த மஞ்சள் வட்டத்தில் அவர் கண் நின்றது.

"பிள்ள இருக்கா?" என்றார்.

"இருக்கா. பிழைச்சிட்டா."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். வாடிக்கைக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் அவர் உட்கார்ந்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

"எப்போ தின்னா?"

"மறுநாள் காலையில."

அந்த உண்மையை நான் சொன்னது அவர் ஒருவரிடம்தான். பக்கத்தில் நின்றவர்களுக்குப் புரியாத மொழியில் சொன்னேன். என்ன சொல்கிறான் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். குழந்தையைப் பற்றி விசாரிக்கிறார் என்றேன். அதற்கு நேரமில்லை, ரொட்டி இவனுடையதா இல்லையா என்றார்.

நானா எழுந்து நின்றார்.

"திறந்தது நான். அது என் மீனு. அப்படியே சொல்லுங்க."

அப்படியே சொன்னேன். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. இன்ஸ்பெக்டர் தலையசைத்துவிட்டு, வேறு ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா என்றார்.

"வேற ஏதாவது சொல்லணுமான்னு கேக்குறார், நானா."

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். என்னைப் பார்த்தபடியே, "உங்களுக்கு?" என்றார்.

இவர் பொட்டலம் கட்டுவதில்லை. நான் ஒளித்துக் கொண்டுபோனேன். ராத்திரி முழுக்க வைத்திருந்தோம். மூன்று வாக்கியம். எனக்கு நன்றாக வருகிற ஆங்கிலம். துரை முகம் நினைவுக்கு வந்தது. ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த அந்த எஸ்டேட் நினைவுக்கு வந்தது. இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒன்றுமில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

நானாவுக்கு அந்த ஒரு சொல் புரிந்ததா என்று தெரியவில்லை. சேவகர் டின்களைச் சாக்கில் போட்டார். சுவரில் மாட்டியிருந்த லைசென்ஸ் தாளை இன்ஸ்பெக்டர் கழற்றினார். நானா அதையெல்லாம் பார்க்கவில்லை. எலுமிச்சைத் தோலும் உப்பும் எடுத்து எப்போதும்போலக் கையைக் கழுவினார். பிறகு கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒரு ரொட்டியை எடுத்து, வாட்டி, பிளந்து, சீனி தடவி, தாளில் சுற்றி என் கையில் வைத்தார்.

"பிள்ளைக்கு" என்றார்.

அதை வாங்கிக்கொண்டு ரயிலேறினேன். அன்று ரயில் தாமதமாகவில்லை. வீட்டுக்கு வந்தபோது மகள் விழித்திருந்தாள். பொட்டலத்தைக் கண்டதும் பின்னால் நகர்ந்தாள்.

"மீன் இல்லதானேப்பா?"

"இல்ல. சீனி. நானா குடுத்தாரு."

பயந்து பயந்து ஒரு ஓரத்தைக் கடித்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு எதிரில் நின்றேன். அவள் சிரித்துவிட்டாள். "அப்பா நானா மாதிரி நிக்கிறாங்க பாரும்மா" என்றாள். அவள் அம்மா சிரிக்கவில்லை. நானும் நகரவில்லை. அன்றைக்கு நிற்க ஆரம்பித்தவன்தான்.

அடுத்த மாதம் அந்தச் சுவரோரம் காலியாக இருந்தது. கரி படிந்த தடம் மட்டும் இருந்தது. நானா மறுபடியும் லூமுட் பக்கம் போய்விட்டார் என்றார் சீக்கியக் காவல்காரர். ஊருக்கே கப்பலேறிவிட்டார் என்றார் வண்டிக்காரர். நான் லூமுட்டுக்குப் போய்த் தேடவில்லை. போயிருக்கலாம். ஆறு வருஷத்தில் ஒரு லீவுகூடவா கிடைக்கவில்லை?

இன்று காலை, புளிச்சோறு பாதி தீர்ந்திருந்தபோது மகள் கேட்டாள். சின்ன வயதில் அவள் நடித்துக் காட்டிய நானாவை அவளுக்கே இப்போது சரியாக ஞாபகமில்லை.

"அந்த ரொட்டிக்கடைக்காரர்கிட்ட இருந்துதானே இதைக் கத்துக்கிட்டீங்க? அவர் பேரு என்னப்பா?"

எனக்குத் தெரியும். ஒவ்வோர் எழுத்தும் தெரியும். பாரத்தில், முதல் கோட்டில், என் அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறேன்.

"நானான்னுதான் கூப்பிடுவோம்" என்றேன்.

வாசலில் வண்டிக்காரர் குரல் கொடுத்தார். ரயிலுக்கு நேரமாச்சு என்று அவள் எழுந்தாள்.

"இன்னும் ஒரு வாய் இருக்கு" என்றேன்.